முனிரத்தினத்தின் மூன்று நிமிடம்

திருப்பதி அரங்கத்தில் கைதட்டல் எழுந்தபோது, இசைக்குழுவை நடத்திய மாஸ்டர் தன் கைக்குச்சியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை என் பக்கம் நீட்டினார். எழுந்திருங்கள் என்று சைகை. நான் எழுந்தேன். ஒரு மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்ததில் வலது கால் மரத்துப் போயிருந்தது. அப்படியும் எழுந்தேன். வயலினை மார்போடு அணைத்துக்கொண்டு, சபையைப் பார்த்து நன்றாகக் குனிந்து வணங்கினேன்.

எனக்கு ஆறடி தள்ளி ஒருவர் கிளாரினெட்டோடு நின்றிருந்தார். அவரும் தட்டினார். கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் எனக்காகத் தட்டினார்.

அந்தக் கைதட்டல் அவருடையது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் முனிரத்தினம். குடிபாலா பக்கத்துக்காரர். கல்யாண பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசிப்பவர்.

இதை நானாக எழுத உட்காரவில்லை. அரக்கோணத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். 'பன்னிரண்டு வாரமாக உங்கள் தொடரைப் படிக்கிறேன். உங்களை அவமானப்படுத்திய பாடகர்கள் வந்துவிட்டார்கள், காக்க வைத்த சபாக்காரர்கள் வந்துவிட்டார்கள், வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட சித்தப்பாவும் வந்துவிட்டார். நீங்கள் யாருக்கும் எதுவும் செய்யவே இல்லையா?'

படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு நாள் காரசாரமாகப் பதில் யோசித்தேன். மூன்றாம் நாள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது முனிரத்தினம் ஞாபகத்துக்கு வந்தார். அம்மணி, நீங்கள் கேட்டது நியாயம்தான்.

கை போகும்

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க வருபவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வயலின்காரன். பக்கவாத்தியம். பாடகர் நடுவில் உட்காருவார், நான் பக்கத்தில். முப்பது வருடம் அதே இடம்.

எங்கள் வேலை நிழல் வேலை. பாடகர் ஒரு சங்கதியை எடுத்தால், அது முடிவதற்குள் வயலின் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். அடுத்து என்ன வரும் என்று யோசித்து வாசிக்க முடியாது. யோசித்தால் அவர் நகரிக்குப் போயிருப்பார், நாம் இன்னும் புத்தூரில் இருப்போம். காது கேட்கும், கை போகும், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் மேடையோடு நிற்பதில்லை. எதிரில் யாராவது கொஞ்சம் ராகம் போட்டுப் பேசினால் என் இடது கை விரல்கள் தொடையில் ஓட ஆரம்பிக்கும். தெருவில் கீரை விற்கிற அம்மாவுக்கும் வாசித்திருக்கிறேன். என் மனைவி லலிதா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்லுவாள்: "துன்னும்போதாவது அந்த விரல சும்மா வைங்களேன்."

பக்கவாத்தியக்காரனுக்கும் ஒரு உரிமை உண்டு. பாடகர் ராகம் பாடி முடித்ததும், அதே ராகத்தை வயலினுக்கு விட வேண்டும். ஒரு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் மட்டும் சபை எங்கள் முகத்தைப் பார்க்கும்.

எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது, நகரி பக்கம் ஒரு கோயில் உற்சவத்தில் பெரிய பாடகர் ஒருவருக்கு வாசித்தேன். எங்கள் ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். நைனா கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை விட்டுவிட்டு, அண்ணன் தம்பிகளை எல்லாம் திரட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பாடகர் ராகத்தை முடித்தார். நான் வில்லைத் தூக்கினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகக் கீர்த்தனையை எடுத்துவிட்டார். அன்று முழுக்க அப்படியே செய்தார்.

திரும்பி வரும்போது நைனா வண்டியில் அந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு, "நீ எப்போ வாசிப்பேன்னு பாத்துக்கினே இருந்தேன்டா" என்றார்.

அந்தப் பாடகரை இருபது வருடம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இந்தத் தொடரின் நாலாவது வாரத்தில் அவரை எழுதியும் தீர்த்தேன். அந்தச் சில நிமிடத்தைப் பிடுங்கினால் ஒருவனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

ரேணிகுண்டா மண்டபம்

திருப்பதி கச்சேரி நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. சென்னையிலிருந்து ஒரு மாஸ்டர், மேற்கத்திய வாத்தியக்காரர்கள் நாற்பது பேரை அழைத்து வந்தார். எங்கள் பக்கத்திலிருந்து வீணை, புல்லாங்குழல், நாதஸ்வரம், தவில், மிருதங்கம், வயலின். அவர்கள் நாற்காலியில், நாங்கள் தரையில். கல்யாணி ராகத்தை எடுத்துக்கொண்டு ஏழு பகுதியாக இசை அமைத்திருந்தார். ஏழு மலை ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ரேணிகுண்டா ஜங்ஷன் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நான்கு நாள் ஒத்திகை. சமையல்கட்டுப் பக்கம் சாம்பார் வாசனை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரயில் ஊதும். நாற்பது பேரும் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரயில் போகும்வரை காத்திருப்பார்கள். நான் வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டிருப்பதை, கழுத்தில் வைத்து வாசிக்கிற அந்தப் பிள்ளைகள் ஃபோனில் படம் பிடித்தார்கள்.

முதல் நாள் காலையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பச்சைத் துணியில் சுற்றிய கிளாரினெட்டோடு வந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"சார், என்னைத் தெரியுதா? உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நான்தான் சார் வாசிச்சிகினு வந்தேன்."

"அப்படியா?" என்றேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது. அன்று மாப்பிள்ளை அழைப்பில் இவர் கல்யாணி வாசித்தார். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்த நான் கேட்டேன். தெருவில் நடந்துகொண்டு, டிரம் சத்தத்துக்கு நடுவில், ஒருவர் இப்படி வாசிக்கிறாரே என்று இருந்தது. சந்தோஷமாக இல்லை, எரிச்சலாக இருந்தது. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மாஸ்டர் இவரைப் பிடித்ததும் தெருவில்தான். சித்தூரில் அவர் கார் ஒரு ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதாம். இறங்கி, ஊர்வலத்தோடு அரை மைல் நடந்து போய்ப் பெயர் கேட்டாராம். ஐந்தாம் பகுதியின் தொடக்கத்தை அவருக்கே கொடுத்துவிட்டார். மூன்று நிமிடம் கிளாரினெட் மட்டும். மற்ற அத்தனை பேரும் சும்மா இருக்க வேண்டும்.

முனிரத்தினத்துக்கு உட்கார்ந்து வாசிக்க வரவில்லை.

"உக்காந்தா மூச்சு வரமாட்டேங்குது சார். நடந்துகினே வாசிச்ச ஒடம்பு" என்றார்.

சரி, நின்று வாசியுங்கள் என்றார் மாஸ்டர். நின்றாலும் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைப்பார். மேடைப் பலகை கிறீச்சிடும். நான் மாஸ்டரின் உதவியாளரைக் கூப்பிட்டு, மைக்கில் விழும் பாருங்கள் என்றேன். ஏதோ கச்சேரியின் நன்மைக்காகச் சொல்வதைப் போலத்தான் சொன்னேன். மாஸ்டர் ஒரு ஜமுக்காளத்தை நான்காக மடித்து அவர் காலடியில் போட்டுவிட்டு, "இப்போ நடங்க" என்றார். முனிரத்தினம் சிரித்தார்.

மூன்றாம் நாள் சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க தெருவுல மேடையேறி வாசிச்சவன் யாரும் இல்ல சார். கல்யாணத்துல வாசல் வரைக்கும் வாசிப்போம். அப்பறம் பின்னால எல போடுவாங்கோ, துன்னுட்டு வந்துடுவோம். இப்போ போன்ல லைவ் காட்றாங்களாமே. ஸ்கூலாண்ட வெள்ளத் துணி கட்டி எல்லாரும் பாக்கறதுன்னு முடிவு பண்ணிகீறாங்க. எங்க வூட்ல அது இப்பவே அழுவுது."

'அது' என்றது அவர் மனைவியை. நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

அந்த நான்கு நாளும் ஐந்தாம் பகுதி வந்தால் நான் வில்லைக் கீழே வைத்துவிடுவேன். கையில் இருந்தால் கை போய்விடும் என்று எனக்குத் தெரியும். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும்.

ஐந்தாம் பகுதி

கச்சேரி மாலை ஆறரைக்கு. அரங்கம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் எனக்குத் தெரிந்த வித்வான்கள் நாலைந்து பேர். மேடை முழுக்க மல்லிகைச் சரம் கட்டியிருந்தார்கள், ஏசிக் குளிரில் வாசனை கனமாக இறங்கிக்கொண்டிருந்தது.

நான்காம் பகுதி முடிந்தது. முனிரத்தினம் ஜமுக்காளத்தின் மேல் ஏறி நின்றார். செருப்பைக் கழற்றிப் பின்னால் தள்ளினார். நான் வில்லைக் கீழே வைக்கவில்லை.

ஏன் வைக்கவில்லை என்று இரண்டு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். முன்வரிசைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வில்லைக் கீழே போட்டுவிட்டு ஒரு பேண்ட் செட்காரருக்குக் கைகட்டி உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. இதைவிட மரியாதையாகச் சொல்ல வழியில்லை.

அவர் ஆரம்பித்தார். முதல் சங்கதியின் வாலை என் கை பிடித்தது. சன்னமாகத்தான் பிடித்தது. அது பழக்கம். சத்தியமாகப் பழக்கம். அவர் லேசாகத் திரும்பிப் பார்த்துவிட்டு மேலே போனார். நான் நிறுத்திவிட்டேன். அதோடு விட்டிருந்தால் அது ஒரு சின்னப் பிசகு. யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

அவர் மெல்ல ஏறினார். மேல் ஷட்ஜத்துக்கு ஒரு படி கீழே, நிஷாதத்தில் போய் நின்றார். நீளமாக நின்றார். கல்யாணியில் அந்த இடம் எல்லாருக்கும் தெரிந்த இடம்தான், ஆனால் அங்கே அசையாமல் நிற்பதற்குத் தைரியம் வேண்டும். நாற்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு குரல் "பலே" என்றது.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். நல்ல ஞானஸ்தர். முப்பது வருடத்தில் என்னைப் பார்த்து அவர் பலே சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை இல்லை, எரிந்தது.

நான் அந்தச் சங்கதியைத் திருப்பி வாசித்தேன். சன்னமாக இல்லை. முழு வில்லையும் இழுத்து, மைக்குக்கு நேராக, அவர் வைத்ததைவிட இரண்டு சுழி அதிகமாக வைத்து வாசித்தேன். இந்தத் தடவை கை போகவில்லை. நான் அனுப்பினேன்.

முனிரத்தினம் கிளாரினெட்டை உதட்டிலிருந்து இறக்கினார். தெருவில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. பெரியவர் ஒருவர் எடுத்துவிட்டால் சின்னவர் நிறுத்திக்கொள்வார், அவர் கைகாட்டினால்தான் மறுபடி சேருவார். அவர் அதைத்தான் செய்தார். நான் கை காட்டுவேன் என்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அது கண்ணோரத்தில் நன்றாகத் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு மீதி இரண்டு நிமிடத்தையும் வாசித்து முடித்தேன்.

நன்றாக வாசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சபை அதை வேண்டுமென்றே வைத்த இரட்டையர் வாசிப்பு என்று நினைத்துக்கொண்டது. மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாத்தியங்களை உள்ளே கொண்டுவந்தார். ஏழாம் பகுதி முடிந்து வாத்தியக்காரர்களை ஒவ்வொருவராகச் சபைக்குக் காட்டிய நேரத்தில், சபை கேட்டுத் தட்டுகிறதே என்று என்னையும் எழுப்பினார்.

துணைக்கு வந்தவர்

மேடைக்குப் பின்னால் மாஸ்டர் கேட்டார்: "என்ன சார் ஆச்சு?"

"கைப்பழக்கம் சார். மன்னிக்கணும்" என்றேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் முனிரத்தினம் இடையில் வந்தார். "சாரை ஒன்னும் சொல்லாதீங்க. நான்தான் எங்கியோ வுட்டுட்டேன் போல. சார் தொணைக்கு வந்தாரு."

மாஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யாரோ சால்வையோடு வந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை சித்தூரில் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே லலிதாவும் நானும் அந்த வீடியோவை ஃபோனில் பார்த்தோம். முனிரத்தினம் தெரிந்தார். குதிகால் ஏறி இறங்குவது தெரிந்தது. வயலின் சத்தம் வந்ததும் கேமராக்காரர் சத்தம் வந்த பக்கம் திருப்பியிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிற என் முகம்தான் இருந்தது. பள்ளிக்கூடத்து வெள்ளைத் துணியிலும் இதுதானே தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

"அந்த ஆளு எங்க?" என்றாள் லலிதா.

"நிறுத்திட்டாரு."

"நல்லாத்தானே வாசிச்சிகினு இருந்தாரு. ஏன் நிறுத்துனாரு?"

காபி ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

குடிபாலா போனது

ஒரு மாதம் தாங்கினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் குடிபாலா போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் வீட்டு வாசலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அவர் மனைவி சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வந்து, திருப்பதியில் முனிரத்தினத்தைக் காப்பாற்றிய வயலின்காரர் இவர்தான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"ஒன்னு கேக்கணும் சார், தப்பா நெனைக்காதீங்க. நான் எங்க சார் தப்பு பண்ணேன்? ஊர்ல கேக்கறாங்க. அவ்ளோ பெரிய வித்வான் நடுவுல வந்து கை குடுத்தாருன்னா நீ எங்கியோ வுட்டிருக்கணும்னு சொல்றாங்க. வீடியோவ போட்டுப் போட்டு கேட்டுட்டேன். எனக்குப் புடிபடல. சொல்லுங்க சார், திருத்திக்கறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாவும் பார்த்தார். நான் பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்? அதைத்தான் யோசித்தேன்.

"நிஷாதம்" என்றேன். "ஒரு இழை எறங்கி இருந்தது. பெரிசா ஒன்னுமில்ல."

முனிரத்தினம் மெதுவாகத் தலையை ஆட்டினார். "நெனச்சேன் சார்" என்றார்.

அவர் நினைத்திருக்க முடியாது. அந்த நிஷாதம் இருக்க வேண்டிய இடத்தில் கம்பி மாதிரி நின்றது. நினைக்காததை எனக்காக நினைத்ததாகச் சொன்னார். பிறகு என் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தார்.

லலிதா கேட்டது

இதுவரைக்கும் எழுதிவிட்டு எனக்கு உடம்பு லேசானது. என்ன தைரியமாக எழுதிவிட்டேன் என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது. லலிதாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள்.

"அவருக்குத் தமிழ் படிக்க வருமா?" என்றாள்.

வராது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது தெலுங்கு மீடியம். ரேணிகுண்டாவில் அவருக்கான குறிப்புகளைக்கூடத் தெலுங்கில்தான் எழுதி வைத்திருந்தார். தமிழில் ஒரு எழுத்து தெரியாது. இந்தப் பத்திரிகை குடிபாலாவுக்கே போனாலும் அவர் அதில் வடைதான் மடிப்பார். எழுத உட்காரும்போதே எனக்கு இது தெரியும்.

"அப்போ யாருக்கு எழுதனீங்க?" என்று கேட்டுவிட்டு, தாளை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மதியம் மூன்று மணி இருக்கும். ஃபோன் போட்டேன். புத்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பின்னால் யாரோ டிரம்மைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நலம் விசாரித்தார். நான் விசாரிக்கவில்லை. நிறுத்தினால் மறுபடி ஓடிவிடுவேன் என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னேன்.

"முனிரத்தினம், அன்னிக்கு நீங்க தப்பே பண்ணல. நிஷாதம் சரியாத்தான் இருந்தது. பொறாமையில நான் நடுவுல பூந்து வாசிச்சேன். உங்க வீட்டுக்கு வந்து பொய் சொன்னேன்."

டிரம் சத்தம் மட்டும் கேட்டது.

"சரியா இருந்துச்சா சார்?"

"சரியா இருந்தது."

"ரெண்டு வருசமா நான் அந்த சொரத்துல நிக்கறதே இல்ல சார்" என்றார். "தொட்டுட்டு ஓடிடுவேன்."

அந்தப் பக்கம் யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "மாப்ள வண்டி வந்துடுச்சி, வச்சிட்றேன் சார்" என்று வைத்துவிட்டார்.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லுவார் என்று ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.